வெல்டர் கண்ணில் ஒரு சொட்டு

அந்தத் தெருவில் பாதிப் பேருடைய புருவம் பார்லர் அக்காவின் கையில்தான் இருந்தது. குடியிருந்த வீட்டின் முன்னறைதான் பார்லர். ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ஆளுயரக் கண்ணாடி, ஒரு நூல்கண்டு, அவ்வளவுதான் கடை. பேங்க் மேனேஜரம்மாவிலிருந்து மீன் வெட்டுகிற அம்மா வரைக்கும் அந்த நாற்காலியில் வந்து சாய்ந்தார்களென்றால் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை அப்படியே ஒப்படைத்துவிடுவார்கள். கண்ணுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நூல் சரக் சரக்கென்று ஓடும். ஒருத்தியும் அசைய மாட்டாள். சில பேர் குறட்டையே விடுவார்கள். அப்பேர்ப்பட்ட கைக்காரிக்கு, கட்டின புருஷன் கண்ணில் ஒரே ஒரு சொட்டு மருந்து விட முடியவில்லை. வெளியில் சொன்னால் சிரிப்பார்களா மாட்டார்களா, நீங்களே சொல்லுங்கள்.

புருஷன் வெல்டர். ஆள் கதவு அகலம். இருபத்திரண்டு வருஷமாக இரும்போடு மல்லுக்கட்டுகிறவர், கண் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததுமே வேர்த்து விறுவிறுத்துப் போனார். கண்ணில் காற்று ஊதி அழுத்தம் பார்க்கிற மிஷின் ஒன்று இருக்கிறதே, மற்றவர்களுக்கு ஒரு ஊதல். இவருக்கு ஏழு ஊதல். கடைசியில் டாக்டரம்மா ரெண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறியிருக்கு. வலிக்காது, சிவக்காது. சத்தமே இல்லாம முதல்ல ஓரப் பார்வையைத் தின்னும், அப்புறம் நடுவுக்கு வரும். போனது போனதுதான், என்ன பண்ணாலும் திரும்பாது. உங்க நல்ல நேரம், ஓரம் இன்னும் போகலை. தினம் சாயங்காலம் கண்ணுக்கு ஒரு சொட்டு. ஆறு வாரம் கழிச்சு வாங்க. அப்பவும் இறங்கலைன்னா ஆபரேஷன்தான். அதுக்கப்புறம் பட்டறை வேலையைப் பத்தி நான் உறுதி எதுவும் சொல்ல முடியாது."

வெல்டர் வரும் வழியெல்லாம் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ரோட்டோரத்துக் கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். அக்காவுக்குக் கைப்பையில் இருந்த மருந்து பாட்டிலைத் தொட்டுப் பார்த்தபோது கொஞ்சம் தைரியம் வந்தது. பெருவிரல் உசரம் கூட இல்லை அது. சொட்டு விடுவதென்ன பிரமாதம், நம் கைக்கு இது ஒரு வேலையா என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் நாள் சாயங்காலம் அவரை நாற்காலியில் சாய்த்து, நெற்றியில் ஒரு கை வைத்து, பாட்டிலைக் கவிழ்த்தாள். சொட்டு திரண்டு பாட்டில் வாயில் வந்து நின்றது. அந்த நேரம் பார்த்து வெல்டரின் தலை சடக்கென்று ஒரு குனி குனிந்தது. கண் ரெண்டும் பூட்டுப் போட்ட மாதிரி இறுகிக்கொண்டன. சொட்டு மீசையில் விழுந்தது.

இது பயந்த ஆள் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மாதிரி இல்லை. இது தொழில் பழக்கம். வெல்டருக்கு ஒரு கையில் ராடு, இன்னொரு கையில் இரும்பு. முகமூடியை இழுத்துவிட மூன்றாவது கைக்கு எங்கே போவார்? அதனால் தாடையை ஒரு வெட்டு வெட்டிக் குனிவார்; நெற்றிமேல் நிற்கிற முகமூடி தானாக விழுந்து முகத்தை மூடிக்கொள்ளும். அதற்கப்புறம்தான் நெருப்பு. ஒரு நாளைக்கு நூறு இருநூறு தடவை குனிகிற கழுத்து அது. கண்ணுக்குப் பக்கத்தில் எது வந்தாலும் அவரைக் கேட்காமலே குனிந்துவிடும்.

"தலையை ஆட்டாதீங்க."

"நான் எங்க ஆட்டினேன்? அதுவா ஆடுது."

பத்து நாள் இந்தக் கூத்துதான். மீசையில் ஒரு சொட்டு, காதில் ஒரு சொட்டு, கழுத்துச் சட்டையில் ஒரு சொட்டு. "உங்க மீசைக்கு இந்நேரம் அழுத்தம் நல்லா இறங்கியிருக்கும்" என்றாள் அக்கா. அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு அடுத்த நாளும் குனிந்தார்.

நடுவில் அவள் ஒரு புத்திசாலித்தனம் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தபோது மெதுவாக இமையைப் பிரித்து விடப் போனாள். அவர் வீசின வீச்சில் பாட்டில் பறந்து போய் நகப்பாலிஷ் தட்டில் விழுந்தது. வெல்டர் எழுந்து உட்கார்ந்துகொண்டார். கோபப்படவில்லை, அதுதான் அவளுக்குச் சங்கடமாகப் போனது.

"என்ன வேணா பண்ணு, சொல்லிட்டுப் பண்ணு" என்றார். அதற்கப்புறம் ரெண்டு நாள் அவள் பக்கத்தில் வந்தாலே ஒரு கண்ணை லேசாகச் சுருக்கிக்கொண்டார்.

பத்தாவது நாள் அவளுடைய தம்பி வந்தான். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். வீட்டில் எல்லோருக்கும் அவன் அகராதி. சின்ன வயசில் எதிர்த்துப் பேசுகிறான் என்று வைத்த பேர், வாத்தியார் ஆனதும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. மாமாவைப் பார்க்க வந்தவன் மாமாவை விட்டுவிட்டு மருந்து பாட்டிலைக் கையில் எடுத்தான்.

"அக்கா, இதுல அச்சுப்பிழை இருக்கு."

"மருந்துலயா?"

"லேபிள்ல. கண்ணுக்கு ஒரு சொட்டு இன்ஸ்டில் பண்ணவும்னு போட்டிருக்கான். இன்ஸ்டில்னா மனசுல பதிய வைக்கிறது. ஒழுக்கத்தை இன்ஸ்டில் பண்றோம்னு எங்க ஸ்கூல் கேட்லயே பெயிண்ட்ல எழுதியிருக்கு. பதினாலு வருஷமா நான் சொல்லிக்கொடுக்கிற வார்த்தை. கண்ணுல போயி எதைப் பதிய வைக்கிறது?"

"ஏண்டா மச்சான், அதைச் சரிபண்ணிட்டா என் கண்ணு சரியாயிடுமா?" என்றார் வெல்டர்.

அகராதிக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்காது. மறுநாள் சாயங்காலம் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். முகம் தொங்கிக் கிடந்தது. ஆனால் கண்ணில் மட்டும் ஒரு பளபளப்பு.

"தப்பு லேபிள்ல இல்ல மாமா, என் மேலதான். லத்தீன்ல ஸ்டில்லான்னா சொட்டு. 'இன்'னுங்கிறது உள்ளே. சொட்டுச் சொட்டா உள்ளே விடறது. அதான் அந்த வார்த்தையோட பிறப்பு. மருந்து விடறதுக்குத்தான் முதல்ல இருந்திருக்கு. ஒரு விஷயத்தை ஒரு ஆள் மனசுல கொஞ்சம் கொஞ்சமா இறக்கறதுக்கும் இந்த வார்த்தையே சரியா இருக்கேன்னு அப்புறம்தான் யாரோ எடுத்துக்கிட்டாங்க. நான் என்னடான்னா, இத்தனை வருஷமா ஆணி அடிக்கிற மாதிரி அர்த்தம் சொல்லிக்கிட்டிருந்திருக்கேன்."

இதோடு நிறுத்தியிருந்தால் அவனுக்கு நல்ல பேர். நிறுத்துவானா? மாமாவுக்குத் தைரியத்தை இன்ஸ்டில் பண்ணுகிறேன் பேர்வழி என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான். கண் எப்படி ஆனது, இமை எதற்கு மூடுகிறது, பயம் எங்கே உற்பத்தியாகிறது, உலகத்தில் எத்தனை கோடிப் பேர் தினம் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறார்கள் என்று ஒரு மணி நேரம். வெல்டர் முதல் பத்து நிமிஷம் தலையாட்டினார். அப்புறம் தலை தானாக ஆடியது, பார்த்தால் தூக்கம்.

அக்கா ஒரு வாடிக்கைக்காரிக்கு ஒரு புருவத்தை முடித்துவிட்டு நூலை வாயிலிருந்து எடுத்தாள். "சொட்டுச் சொட்டான்னு நீதானடா இப்பச் சொன்ன? அப்புறம் ஏன் குடம் குடமா ஊத்தற?"

நாற்காலியில் ஒரு புருவத்தோடு கிடந்த அந்த அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் அடுத்த புருவத்துக்குக் கால் மணி நேரம் ஆனது.

"இதுக்கு லத்தீனுக்குப் போவானேன்" என்றாள் அக்கா. "நாம புகட்டறதுன்னு சொல்றதில்லையா? குழந்தைக்குக் கரண்டியில பால் எப்படிப் புகட்டறோம்? ஒரு கரண்டி விட்டு, அது முழுங்கிச்சான்னு பார்த்துட்டுத்தானே அடுத்த கரண்டி."

அகராதி நெற்றியில் அடித்துக்கொண்டான். "அடக் கடவுளே. பாலையும் புகட்டறோம், அறிவையும் புகட்டறோம். வீட்டுக்குள்ளேயே கிடந்திருக்கு, எனக்குத் தோணலையே அக்கா."

"உனக்குப் பாடம் புகட்டத்தான் ஆள் இல்ல" என்றார் வெல்டர், கண்ணைத் திறக்காமலே.

அக்கா விளையாட்டாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் சொன்னவளையே அது விடவில்லை. அன்றைக்கு ராத்திரி பூராவும் அவள் யோசித்தாள். முழுங்கிச்சான்னு பார்த்துட்டு அடுத்த கரண்டி. நான் பார்த்தேனா? பத்து நாளும் நேரே கண்ணுக்குத்தானே போனேன்? அவசரப்பட்டதில் பத்து நாளும் போச்சு, முக்கால் பாட்டிலும் போச்சு. மறுநாள் அவரிடம் போய், "இன்னிக்கு மருந்து கிடையாது, சும்மா நாற்காலியில வந்து படுங்க" என்றாள். அவர் சந்தேகத்தோடு வந்து படுத்தார். மூடின பாட்டிலை நெற்றியில் வைத்து எடுத்தாள். "அவ்வளவுதான், எந்திரிங்க."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவேதான்."

அடுத்த நாள் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு சொட்டு, தாடையில். அதற்கு அடுத்த நாள் கன்னத்தில். அப்புறம் அரை அங்குலம் மேலே. ஒவ்வொரு நாளும் எந்த இடம் என்று முன்னாலேயே சொல்லிவிடுவாள். வெல்டருக்கு இது பிடித்துப்போய்விட்டது. சாயங்காலம் கை கால் கழுவியதும் அவராகவே நாற்காலிக்கு வந்து, "இன்னிக்கு எந்த ஸ்டாப்பு?" என்று கேட்பார். கன்னத்து எலும்பு வரைக்கும் பஸ் நிற்காமல் போனது. மூக்கோரம் வந்தது. கீழ் இமைக்குப் பக்கத்தில் வந்தது. இருபதாவது நாள் இமை மயிரைத் தொட்டது. தொட்டதுதான் தாமதம், சடக்கென்று குனிந்தார். தண்ணீர் மூக்குக்குள் போய் ரெண்டு நிமிஷம் இருமினார்.

இருமி முடித்துவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். "விட்டுரு. ஆபரேஷனே பண்ணிக்கலாம். இந்தக் கழுத்து என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

அக்கா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தத்தில் மூக்கை உறிஞ்சினால் கேட்காது. அவளுக்குப் பயம். ஆறு வாரத்தில் பாதி போய்விட்டது. பட்டறையை நிறுத்தினால் இந்த மனுஷன் என்ன ஆவார்? வேலை இல்லாத நாளில்கூட வீட்டுக் கேட்டின் கீலைக் கழற்றி மாட்டுகிறவர். எந்த ஊருக்குப் போனாலும் பாலத்தையும் படிக்கட்டையும் அண்ணாந்து பார்த்து "யாரு வச்ச ஜாயிண்ட் இது" என்று நடுரோட்டில் நிற்கிறவர். அந்தக் கண்ணைச் சத்தமில்லாமல் ஒன்று தின்றுகொண்டே வருவதைத் தான் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போயிருந்தார். எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். உள்ளே ஒரு சுழல் படிக்கட்டு, ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்காகச் செய்வது, ரெண்டு ஆள் உசரத்துக்கு நின்றது. வெல்டர் அதற்கு அடியில் பலகை போட்டு மல்லாந்து கிடந்தார். தலைக்கு மேலே ஒரு படியின் அடிப்பக்கத்தை ஒட்டவேண்டும். ஒரு குனி குனிந்தார், முகமூடி விழுந்தது. நெருப்பு சீறியது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சீறல் நின்றதும் திரும்பினாள்.

அவர் கையுறையின் மணிக்கட்டால் முகமூடியை மேலே தள்ளினார். அப்படியே மல்லாந்தபடி, புதுசாக வைத்த ஜாயிண்ட்டை அண்ணாந்து பார்த்தார். பார்த்தார் என்றால் எப்படி? ரெண்டு கண்ணும் பந்து மாதிரி விரிய, இமை கொட்டாமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. அக்கா மனசுக்குள் எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அஞ்சு எண்ணுகிற வரைக்கும் அந்தக் கண் மூடவில்லை.

டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு, வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஸ்கூல் விட்டதும் நேரா வா. ஸ்டூல் மேல ஏறணும்."

சாயங்காலம் வெல்டர் வந்தபோது நாற்காலிக்கு நேர் மேலே, கூரையில், புருவப் பென்சிலால் ஒரு முழ நீளத்துக்குக் கறுப்புக் கோடு இழுத்திருந்தது. கோடு போட்டவன் ஸ்டூலிலிருந்து இறங்கி, கை முழுக்க மையோடு நின்றான்.

"என்ன இது?"

"உக்காருங்க, சொல்றேன்" என்றாள் அக்கா. ஒளிக்கவில்லை, பட்டறையில் பார்த்ததை எல்லாம் சொன்னாள். "நீங்க முகமூடியைக் கொண்டுவந்து மாட்டிக்கங்க. இந்த நாற்காலியில சாயுங்க. பட்டறையில குனியற மாதிரி ஒரு குனி குனிஞ்சுக்கங்க. அந்தக் கழுத்து கேக்கறதை முதல்லயே குடுத்துருவோம். அப்புறம் முகமூடியை மேல தள்ளிட்டு, அந்தக் கோடு சரியா இருக்கான்னு பாருங்க. நீங்க பார்க்கறப்ப நான் விடுவேன். மருந்துதான், தண்ணி இல்ல. இப்பவே சொல்லிட்டேன்."

வெல்டர் எழுந்து போய் முகமூடியை எடுத்துக்கொண்டு வந்தார். பார்லரின் பூப்போட்ட திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே, நாற்காலியில் முகமூடியோடு அவர் சாய்ந்த கோலத்தைப் பார்த்து அகராதி வாயைப் பொத்திக்கொண்டான். குனிந்தார். மூடியது. மணிக்கட்டால் மேலே தள்ளினார். கண் விரிந்து கூரைக்குப் போனது. அக்கா, நெற்றிமேல் நின்ற முகமூடியின் விளிம்பில், பாட்டிலைப் பிடித்த கையின் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டாள்.

"யாரு போட்ட கோடு இது?" என்றார் வெல்டர்.

"நான்தான் மாமா."

"இதுக்குப் பேரு கோடா? நடுவுல வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குது. அந்தக் கோடியில பாரு, அப்படியே கீழ இறங்கிப் போயிருக்கு. இப்படி ஒரு ஜாயிண்ட்டை எவனாவது வச்சான்னா அவனை நான்..."

நிறுத்திவிட்டார். ஒரு தடவை இமைத்தார். ரெண்டு தடவை இமைத்தார். வலது கண்ணின் கடையிலிருந்து ஈரமாக ஒரு கோடு காதுப் பக்கம் இறங்கியது.

"என்னமோ சில்லுனு இருந்துச்சே."

"அதான் மருந்து" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். அகராதி ஸ்டூலைத் தூக்கித் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு ஒரு சுற்று ஆடினான். வெல்டர் மட்டும் ஆடாமல் அசையாமல் அப்படியே கிடந்தார், தலை மறுபடியும் குனிந்துவிடுமோ என்ற பயத்தில். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார், "இன்னொரு கண்ணு பாக்கி இருக்கே?"

அதற்கப்புறம் அக்காவுக்கு அவசரமே இல்லை. மூன்று நாள் முகமூடியோடு குனிந்தார். நாலாவது நாள் குனியாமல், முகமூடி நெற்றிமேலேயே நின்றது. அப்புறம் முகமூடிக்குப் பதில் ஒரு தொப்பி. அப்புறம் தொப்பியும் இல்லை. ஒரு நாள் பாட்டிலைப் பிடித்திருந்த அவள் கைமேல் அவர் கையை எடுத்து வைத்துக்கொண்டாள். ரெண்டு நாள் கழித்து, அவர் கை பாட்டிலைப் பிடித்திருக்க, அவள் கை மேலே இருந்தது. பிறகு ஒரு சாயங்காலம் நூலும் வாயுமாக வேலையில் இருந்தவள் திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவராகவே சாய்ந்து, கோட்டைத் திட்டிக்கொண்டே விட்டுக்கொண்டிருந்தார். புருவத்துக்கு வந்த அம்மாக்கள் எல்லோரும் கூரையில் அது என்ன கோடு என்று கேட்டார்கள். எங்க வீட்டுக்காரர் தினம் படிக்கிற புத்தகம் என்றாள் அக்கா.

அகராதியும் சும்மா இல்லை. வகுப்பில் ஒரு நாளைக்கு இருபது வார்த்தை எழுதிப் போடுகிறவன், மூன்றாகக் குறைத்துக்கொண்டான். பையன்கள் அவனுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தார்களாம்.

ஆறு வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காற்று மிஷினில் இந்தத் தடவை ரெண்டே ஊதல். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், பழைய காகிதத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் பார்க்கிற நேரத்துக்குள் அக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"போன தடவை இருபத்தெட்டு. இப்ப பதினெட்டு. நல்லா இறங்கியிருக்கு. ஆபரேஷன் வேண்டாம், பட்டறைக்குப் போங்க. இந்தச் சொட்டை மட்டும் ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது."

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் முன்னால் அழுவது நன்றாக இருக்காது என்று நாற்காலிக்குப் பக்கவாட்டில் நகர்ந்து, கதவோரம் சுவரோடு ஒண்டிக்கொண்டு, கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். சத்தமே வராமல் பார்த்துக்கொண்டாள்.

"ஓரப் பார்வையையும் ஒரு தடவை பார்த்துடுவோம்" என்றார் டாக்டரம்மா. "இடது கண்ணைப் பொத்திக்கங்க. என் மூக்கை மட்டும் பாருங்க, வேற எங்கயும் பார்க்கக் கூடாது." ரெண்டு கையையும் தள்ளி நீட்டினார். "இந்தப் பக்கம் எத்தனை விரல்?"

"ரெண்டு."

"மேல?"

"ஒண்ணு."

"இந்தப் பக்கம், வலது ஓரத்துல?"

"உங்க விரல் மூணு" என்றார் வெல்டர், மூக்கை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அதைத் தாண்டி, கதவோரமா என் சம்சாரம் நின்னு அழுதுக்கிட்டிருக்கா."